நான்கு அஞ்சலட்டைகள் மீது ஒரு கார்

ஒரு கணக்கு. ஒரே மாதிரியான இரண்டு கார்கள் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்த லேன்களில் போகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், மற்றொன்றின் வேகம் 120. தூரத்தில் ஒரு லாரி சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே இடத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கிறார்கள். 100-இல் வந்த கார் லாரியைத் தொடுகிற மாதிரி போய் நின்றுவிடுகிறது. 120-இல் வந்த கார் லாரியில் மோதும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்?

யாரைக் கேட்டாலும் "இருபது இருக்கும்" என்றுதான் சட்டென்று சொல்வார்கள். சரியான விடை 66.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120-இன் வர்க்கம் 14,400. 100-இன் வர்க்கம் 10,000. முதல் கார் முழுசாக நிற்பதற்குள் இரண்டாவது காரும் அதே அளவு ஆற்றலைத்தான் பிரேக்கில் இழந்திருக்கும். மிச்சம் 4,400. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 66. இதில் ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை மாற்ற ஆகும் நேரத்தைச் சேர்க்கவில்லை. இருவருக்கும் ஒன்றரை விநாடி என்று வைத்து, காய்ந்த சாலையில் கணக்குப் போட்டால் மோதும் வேகம் 78-ஐத் தொடுகிறது.

இதைத் தாளில் போட்டுக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவோம். அடுத்த நாள் பைபாஸில் ஏறியதும் மறந்துபோகும். இந்தக் கணக்கை ஓட்டுநரின் காலுக்கும் கண்ணுக்கும் சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் கார் கிளப்புகள் ரேஸ் டிராக்கில் ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்துகின்றன. அவரவர் சொந்தக் காரைக் கொண்டுவர வேண்டும். பக்கத்து இருக்கையில் அனுபவமுள்ள பயிற்சியாளர் உட்காருவார். எதிரே வண்டி வராது; ஆட்டோ, மாடு, மரம் எதுவும் கிடையாது. பிசகினால் மண்ணிலோ புல்லிலோ போய் நிற்கலாம். பொதுச்சாலையில் தொட்டுப் பார்க்கவே கூடாத ஓர் எல்லையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர இதைவிடத் தோதான இடம் இல்லை.

தமிழ்நாட்டில் அதற்கான இடத்துக்குக் குறைவில்லை. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்துவந்தன. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு தடத்தைக் கட்டி 1990-இல் திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படுகிறது. கோவை செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

டிக்கியில் கிடக்கும் ஆபத்து

டிராக்கில் ஓட்ட வந்தவர்களுக்கு முதல் வேலை காரைக் காலி செய்வது. தண்ணீர் பாட்டில், குடை, குழந்தையின் பொம்மை, டிக்கியில் மாதக்கணக்கில் உருண்டுகொண்டிருக்கும் ஜாக்கி எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. முழு பலத்தோடு பிரேக் பிடிக்கும்போது சீட்டுக்கு அடியில் கிடக்கும் பாட்டில் முன்னால் உருண்டு பிரேக் பெடலின் கீழே சிக்கிக்கொண்டால், அதற்கு மேல் மிதிக்க வழி இல்லை.

அடுத்து பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். பேட்டரி அசைகிறதா, வீல் நட்டுகள் இறுக்கமா, டயரில் காற்று சரியா, பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பரிசோதனை நடக்கும். இவற்றில் வீட்டுக் கார்களில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது பிரேக் ஆயில். மெக்கானிக்குகள் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ள கிளைகால் வகைத் திரவம். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஏறத்தாழ 4 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. 1,200 கிலோ எடையுள்ள காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 460 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. அதில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குகளுக்குப் போகும். ஒரே ஒரு தடவை நிறுத்தினாலே ஒவ்வொரு முன் டிஸ்க்கும் தோராயமாக 50 டிகிரி சூடேறும். ஆற அவகாசம் கொடுக்காமல் திரும்பத் திரும்ப மிதித்தால் சூடு ஏறிக்கொண்டே போய், கடைசியில் திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கும் பலமெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிறது. பெடல் தரை வரை போகும், வண்டி மட்டும் நிற்காது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே இரண்டாவது கியருக்கு மேல் போகாதே என்று உள்ளூர் ஓட்டுநர்கள் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்கும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

சாலையைத் தொடுவது எவ்வளவு?

நடுத்தர எடையுள்ள காரில் ஒவ்வொரு டயரும் 300 கிலோ அளவுக்குச் சுமக்கிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 32 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் சாலையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும்: ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். தபால் நிலையத்தில் விற்கும் அஞ்சலட்டையின் அளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வண்டி வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாமே இந்த நான்கு அட்டைகள் தரும் பிடிப்பை நம்பித்தான்.

அந்தப் பிடிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு போட்டுத்தான் கொடுக்க முடியும். முழுப் பிடிப்பையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. பொறியாளர்கள் இதை உராய்வு வட்டம் என்கிறார்கள். இந்தப் பங்கீட்டில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே கணக்கு பிதாகரஸ் தேற்றப்படி நடக்கிறது. பிடிப்பில் 80 சதவீதத்தைப் பிரேக் எடுத்துக்கொண்டால் திரும்ப மிஞ்சுவது 20 அல்ல, 60 சதவீதம். அதாவது உச்சத்திலிருந்து காலை லேசாகத் தளர்த்தினாலே திரும்புவதற்குக் கணிசமான பிடிப்பு திரும்பக் கிடைத்துவிடுகிறது. பதற்றத்தில் நாம் செய்வது நேர் எதிர்: பிரேக்கை இன்னும் அழுத்தி, ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறோம்.

"இன்னும் மிதிங்க சார்!"

முகாமின் முதல் பயிற்சி பெரும்பாலும் அவசர பிரேக். நேரான தடத்தில் இரண்டு ரப்பர் கூம்புகளை நட்டு வைத்திருப்பார்கள். 60 அல்லது 80 வேகத்தில் வந்து, கூம்பைத் தாண்டியதும் பிரேக்கை உதைக்க வேண்டும். மிதிக்கச் சொன்னால் எல்லாரும் மிதிப்பார்கள். பாதி தூரத்தில் கால் தானாகத் தளர்ந்துவிடும். பயிற்சியாளர் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார்: "விடாதீங்க சார், இன்னும் மிதிங்க... வண்டி நிக்கிற வரைக்கும் காலை எடுக்காதீங்க!"

கால் தளர்வதற்குக் காரணம் ஏபிஎஸ். சக்கரம் சாலையின் ஓட்டத்தைவிட 10 முதல் 20 சதவீதம் மெதுவாகச் சுழலும்போதுதான் ரப்பரின் பிடிப்பு உச்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி சக்கரம் பூட்டிக்கொண்டால் பிடிப்பு குறைவதோடு, ஸ்டீயரிங்கும் பயனற்றுப் போகிறது. சக்கரங்களை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகவே சறுக்கும். ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் அளந்து, பூட்டப்போகும் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை ஒரு விநாடிக்குள் பல தடவை விட்டுப் பிடிக்கிறது. பெடல் காலுக்கடியில் டடடடவென்று அதிரும். கரகரவென்று சத்தமும் கேட்கும். பழகாதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார். உயிர் காக்கும் கருவி வேலை செய்யும் நேரத்தில்தான் அதை நிறுத்திவிடுகிறோம்.

போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். ஆனால் மனிதக் கால் அதற்கு ஒத்துழைக்க வேண்டுமே! டெய்ம்லர்-பென்ஸ் பொறியாளர்கள் பெர்லினில் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்துச் சோதித்தபோது, ஆபத்தில் பெரும்பாலோர் வேகமாக மிதித்தார்களே தவிர, போதிய பலத்துடன் மிதிக்கவில்லை என்று தெரிந்தது. அதன் விளைவாக 1996-இல் பிரேக் அசிஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது. பெடல் திடீரென்று அழுத்தப்பட்டால் இது அவசரம் என்று புரிந்துகொண்டு மிச்ச பலத்தை வண்டியே கொடுத்துவிடும்.

அடுத்த பயிற்சியில் கூம்புகளைக் குறுக்கே வைத்து, முழு பிரேக்கில் இருக்கும்போதே விலகிப் போகச் சொல்வார்கள். ஏபிஎஸ் இருப்பதால் முடியும். கால் அழுத்தியபடியே இருக்க, கை மட்டும் திரும்ப வேண்டும். நான்கைந்து முறைக்குப் பிறகு கால் பயம் தெளிந்துவிடுகிறது. முகாமில் ஒருவர் வேறு எதையும் கற்காமல் போனாலும் இது ஒன்றுக்காகவே வரலாம்.

வளைவுக்கு முன்பே முடிய வேண்டிய வேலை

வளைவில் வண்டி தாங்கும் வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: வளைவின் ஆரம், சாலையின் பிடிப்பு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவைக் காய்ந்த தளத்தில் சுமார் 71 கிலோமீட்டர் வேகம் வரை எடுக்கலாம். மழையில் பிடிப்பு குறைந்தால் அதே வளைவின் எல்லை 56. இங்கும் வர்க்கக் கணக்குதான். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் தேவைப்படும் பக்க விசை 21 சதவீதம் கூடுகிறது. எல்லைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கூடுதலாக 5 கிலோமீட்டர் வேகமும் சின்ன விஷயமல்ல.

பந்தய ஓட்டுநர்கள் தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, வெளியோரத்தில் நுழைந்து உள்ளோரத்தைத் தொட்டு மீண்டும் வெளியோரத்துக்குப் போவது ஆரத்தைப் பெரிதாக்கத்தான். ஆரம் 50-லிருந்து 70 மீட்டரானால் எல்லை 84-க்கு உயர்ந்துவிடும். பொதுச்சாலையில் இந்த வித்தையைக் காட்டினால் எதிரே வருபவரின் லேனில் இருப்போம். ஆனால் அதற்குள் இருக்கும் ஒழுங்கு சாலைக்கும் பொருந்தும். வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கையும் கியர் மாற்றத்தையும் முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

இதற்குப் பின்னால் எடையின் நகர்வு இருக்கிறது. காய்ந்த சாலையில் முழு பிரேக் போடும்போது 1,200 கிலோ காரில் 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமை பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலும், அதைவிடக் குறைந்த அளவில், இதேதான் நடக்கும். சுமை குறைந்த பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வெளியே வீசப்படும். வண்டி பம்பரமாகச் சுழலும். மாறாக, வேகம் மீறி வளைவுக்குள் நுழைந்தால் முன்சக்கரங்கள்தான் முதலில் தோற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி வெளிப்பக்கமாக நேரே போகும். அப்போது மேலும் ஒடிக்காமல், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கி வேகத்தைத் தணித்தால் டயர் மீண்டும் பிடிக்கும். கேட்க விபரீதமாகத் தோன்றும். தண்ணீர் ஊற்றிய வழுக்குத் தளத்தில், 30, 40 வேகத்தில் செய்து பார்த்தவருக்கு விளங்கிவிடும்.

கைகளைவிட முந்திக்கொள்ள வேண்டியவை கண்கள். மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள், வளைவுகள் நிறைந்த சாலையில் ஓட்டுபவர்களின் பார்வையைப் பதிவு செய்து 1994-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வளைவின் உள்ளோரத்தில் பார்வைக்கோடு தொட்டுச் செல்லும் புள்ளியை, வளைவுக்கு ஒன்றிரண்டு விநாடி முன்னதாகவே ஓட்டுநரின் கண் தேடிப் போகிறது. கை அதன் பின்னால் வருகிறது. வரிசையாக நட்ட கூம்புகளுக்கு இடையே வளைந்து ஓட்டும் பயிற்சியில் இது பளிச்சென்று தெரியும். எந்தக் கூம்பை இடிக்கக் கூடாது என்று உற்றுப் பார்க்கிறோமோ அதையே இடிப்போம். அதற்கு அடுத்த இடைவெளியைப் பார்த்தால் வண்டி அதில் புகுந்துவிடும். இரவில் வெறிச்சோடிய சாலையில் ஒற்றைப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதும் விபத்துகளில், மிரண்ட கண் மரத்திலேயே நிலைத்துவிடுவதற்கும் பங்கு இருக்கலாம்.

பயிற்சியே பகையாகும் இடம்

இவ்வளவு நல்ல விஷயமென்றால் எல்லாருக்கும் சறுக்கல் பயிற்சி கொடுத்துவிடலாமே என்று தோன்றும். சில நாடுகள் அப்படித்தான் செய்தன. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1988-இல் வெளிவந்த மதிப்பீடு அதிர்ச்சி தந்தது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்குச் சாலைகளில் முன்னைவிட அதிகமாக விபத்துக்குள்ளாகியிருந்தார்கள்.

ஏன் இப்படி? ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் 1996-இல் வெளியிட்ட சோதனை ஒரு விடை தருகிறது. கற்றுக்குட்டி ஓட்டுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்குத் தளத்தில் பிரேக் பிடித்து விலகும் திறமையை முடிந்தவரை பழக்கினார்கள். மற்ற குழுவுக்கு, இந்தச் சூழலில் உன் திறமை எவ்வளவு சீக்கிரம் கைவிடும் என்பதை உணரும்படி செய்தார்கள். பிறகு சோதித்தபோது இரு குழுக்களின் உண்மைத் திறமையில் வித்தியாசம் இல்லை. முதல் குழுவினர் மட்டும் தங்கள் திறமையைக் கூடுதலாக மதிப்பிட்டிருந்தார்கள். ஸ்வீடன் 1999-இல் தன் வழுக்குச் சாலைப் பயிற்சியையே ஆபத்தை உணர்த்தும் பயிற்சியாக மாற்றி அமைத்தது.

கருவிகளும் இந்த மனக்கணக்குக்குத் தப்பவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980-களில் டாக்சிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கவனித்ததில், ஏபிஎஸ் உள்ள டாக்சிகளின் விபத்து குறையவில்லை. அவற்றை ஓட்டியவர்கள் வளைவுகளை இன்னும் இறுக்கமாக எடுத்தார்கள். முன்வண்டியை இன்னும் நெருங்கிப் போனார்கள். கிடைத்த பாதுகாப்பைத் துணிச்சலுக்குச் செலவழித்துவிட்டார்கள்.

ஆகவே ஒரு பயிற்சி முகாமின் தரத்தை அதன் கடைசிச் சுற்றின் வேகத்தை வைத்து அளக்கக் கூடாது. நல்ல முகாமில் ஓட்டுநர்களின் நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்க மாட்டார்கள். முந்துவதற்குக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டினால்தான் அனுமதி. மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. கறுப்பைக் காட்டினால் பிட்டுக்குத் திரும்பி வா. கொடியை மதிக்காதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர் எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராக இருந்தாலும். மேலும், அவரவர் எதில் தோற்பார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தடவையாவது பத்திரமாகக் காட்டி அனுப்புவார்கள். நனைந்த தளத்தில் 60-இல் நின்றுவிட்ட கார், 80-இல் கூம்புகளைத் தள்ளிக்கொண்டு போவதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்கு 66 என்ற விடையை மறுபடி யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அதிவேகம் காரணமான விபத்துகளில் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கும் நம் தேர்வில் முழு பிரேக்கை மிதித்துக் காட்டும்படி நடைமுறையில் பெரும்பாலும் கேட்பதில்லை. பல ஓட்டுநர்கள் அதை வாழ்க்கையில் முதன்முதலாக மிதிப்பது மோதலுக்கு முந்தைய விநாடியில்தான்.

வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை டிராக் பயிற்சிக்குப் போய் வாருங்கள். போக முடியாதவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. டயரில் காற்றைப் பாருங்கள். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் டயரை மாற்றுங்கள். பிரேக்கை முழங்கால் நேராகாமல் முழுசாக மிதிக்கும்படி சீட்டை முன்னே நகர்த்துங்கள். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்தைக் கடந்துவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். மழை பெய்தால் ஆறு வரை எண்ணுங்கள்.